மூன்று தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்

"ஏம்மா, எங்க அப்பா படத்த எடுக்கச் சொன்னது யாரு?"

திருச்சுழியிலிருந்து சின்ன அண்ணாச்சி போனில் கேட்ட முதல் வார்த்தையே அதுதான். நான் அப்போது அருப்புக்கோட்டை பஜாரில், அவருடைய அண்ணன் நடத்தும் ஜவுளிக்கடையின் மாடி அறையில் உட்கார்ந்து, தீபாவளிக்கு வந்திறங்கிய சேலைகளின் படங்களைக் கடையின் வலைத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எந்தப் படத்தைக் கேட்கிறார் என்று சட்டென்று பிடிபடவில்லை.

"எந்தப் படம் அண்ணாச்சி?"

"'எங்கள் குடும்பம்'னு ஒரு பக்கம் போட்டியே. தலைப்பு இருக்கு. கீழ ஒண்ணையும் காணோம். வெறும் வெள்ளையா கிடக்கு."

திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அந்த இடத்தில் ஜவுளிக்கடையைத் திறந்த நாளில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அவர்களுடைய அப்பா ரிப்பன் முன்னால் நிற்பார். இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள். பாவாடை தாவணியில் மகள், கத்திரிக்கோல் வைத்த தாம்பாளத்தை அப்பாவிடம் நீட்டிக்கொண்டிருப்பாள். படத்துக்குக் கீழே அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் எழுதிய நாலைந்து வரிகள். இப்போது படமும் இல்லை, வரிகளும் இல்லை. சின்ன அண்ணாச்சியின் தளத்தில் மட்டுமல்ல, ஜவுளிக்கடைத் தளத்திலும் இல்லை. பந்தல்குடி ரோட்டில் அவர்களுடைய தங்கை நடத்தும் கல்யாண மண்டபத்தின் தளத்திலும் இல்லை.

"மூணுலயும் போயிருச்சு அண்ணாச்சி. பழைய பிரதி இருக்கு. இப்பவே திரும்பப் போட்டுர்றேன்."

"போடாத." அவர் குரல் தணிந்தது. "யாரு எடுத்தாகன்னு தெரியட்டும் மொதல்ல."

போனை வைத்துவிட்டார். அந்த வெள்ளைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் பாலவனத்தத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் போய் என்னைப் படிக்கவைத்தார்கள். கம்ப்யூட்டர் படித்துச் சென்னையில் சில வருஷம் ஒரு கம்பெனியில் வலைத்தளங்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். கல்யாணமானபோது வீட்டுக்காரருக்கு விருதுநகரில் வேலை. அதனால் ஊருக்கே வந்து சேர்ந்தேன். பஜார் ஜவுளிக்கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். பெரிய அண்ணாச்சி நான் செய்த வேலைகளைப் போனில் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடைக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, மூணும் நீயே பாத்துக்கிருவியா?" என்று கேட்டார்.

பார்த்துக்கொண்டேன். பெரியவருக்கு ஜவுளி. சின்னவர் திருச்சுழியில் விதையும் உரமும் மோட்டாரும் விற்கிறார். தங்கைக்கு அண்ணன்மார் இருவரும் சேர்ந்து கட்டிக்கொடுத்தது மண்டபம். அவளும் அவள் வீட்டுக்காரரும் அதை நடத்துகிறார்கள். மூன்று தொழிலுக்கும் மூன்று வலைத்தளம். ஆனால் மூன்றையும் உள்ளேயிருந்து நடத்துவது ஒரே மென்பொருள். கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனால் மூன்றின் பெயரும் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வேண்டியதைத் தொட்டுத் திருத்தலாம். தினமும் மாறுகிற சங்கதிகளை அவரவர் போனிலிருந்தே மாற்றிக்கொள்ள நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். சின்னவர் விதை வரத்தைப் போடுவார். தங்கை மண்டபத்தில் எந்தத் தேதி காலி என்று போடுவாள்.

ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். பெரியவர் சிரித்தார். "ஒரே குடும்பம். எதுக்கு மூணு சாவி?"

யார் எதைத் திருத்தினார்கள் என்று அந்த மென்பொருள் குறித்து வைக்கத்தான் செய்யும். ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் எல்லாத் திருத்தத்துக்கும் எதிரே அந்த ஒரே பெயர்தான் நிற்கும். எங்களுக்கு அது ஜவுளிக்கடையின் பெயர். அன்று நான் போய்ப் பார்த்தபோதும் அதுதான் நின்றது. படத்தை எடுத்தது ஜவுளிக்கடை. முந்தின நாள் மத்தியானம்.

சின்னவரும் அதைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர்களுடைய அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை. பஜார் கட்டிடம் யாருக்கு என்ற பேச்சு வீட்டுக்குள் ஓடுகிறது என்று கடையில் துணி மடிக்கும் பெண்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அப்பாவின் படம் காணாமல் போனால் அதை யாரும் கைதவறிப் போனதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியவர் அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட சின்ன அறை அவருடையது. கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். நான் உள்ளே போனதும் சாத்தச் சொன்னார்.

"தம்பி போன் போட்டான். ஒரு மாதிரி பேசுறான். என்ன நடந்துச்சு?"

சொன்னேன். தன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மேலே தலைப்பு, கீழே ஒன்றுமில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பாஸ்வேர்டு யாருகிட்டயெல்லாம் இருக்கு?"

"உங்ககிட்ட, சின்னவுககிட்ட, மண்டபத்து அக்காகிட்ட, என்கிட்ட."

"வேற யாருக்கும் குடுத்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கு எதுக்கு அண்ணாச்சி இது?"

"கேட்டுக்கிட்டேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் நான்தான் எடுத்தேங்கான். எங்க அப்பா படத்த நான் எதுக்கு எடுக்கப் போறேன்? எனக்கென்னமோ, அவனே எடுத்துட்டு எம்மேல பழி போடுறானோன்னு இருக்கு. எடுத்தாத்தான கட்டடப் பேச்ச ஆரம்பிக்க முடியும்."

போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி, வேலையப் பாரு" என்றார். நான் கதவைத் திறந்தபோது, "நீ கைமறதியா எதையாவது அழுத்திட்டியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இல்லன்னா சரி" என்றார். அந்தச் 'சரி' எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது கல்லாவிலிருந்த கணக்கர் கையை நீட்டினார். "மாடிச் சாவியக் குடுத்துட்டுப் போவீங்களாம். முதலாளி சொன்னாக."

அந்தச் சாவி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் பையில் இருந்தது. சில நாள் கடை திறக்கும் முன்பே வந்து பக்கவாட்டுப் படியேறி வேலையைத் தொடங்கிவிடுவேன். வளையத்திலிருந்து அதைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தேன். கணக்கர் அதைப் பார்க்காத மாதிரி எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்ன கம்ப்யூட்டர் சங்கதி எதுவும் அவளுக்குப் புரியவில்லை. சாவி புரிந்தது.

"பெரிய வீட்டுல எது காணாமப் போனாலும் வேலைக்கு வந்தவ மடியத்தான் மொதல்ல ஒதறச் சொல்வாக. நீ சேர்ல உக்காந்திருந்தா மட்டும் விட்டுருவாகளா?"

"அப்பிடியெல்லாம் இல்லம்மா. அவுக நல்லவுக."

"நல்லவுகதான். நான் இல்லங்கல."

அவள் காட்டு வேலைக்குப் போன காலத்தில் அப்படி மடியை உதறிக் காட்டியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என்ன காணாமல் போனது என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கும் எல்லாவற்றின்மேலும் சந்தேகம் வர ஆரம்பித்தது. அந்த வாரம் பெரியவர் அறைக்கு மதுரையிலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வந்தார். மறுபடியும் கதவு சாத்தியிருந்தது. நான் கண்ணாடியைத் தாண்டிப் போனபோது அந்த ஆள் லேப்டாப்பைப் பாதி மூடினார். என் இடத்துக்கு வேறு கம்பெனியைப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. ஒருவேளை அந்த ஆளிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து, உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லி, அவர் எதையோ தொட்டு, அதை மறைக்கத்தான் என்னைக் கேட்கிறார்களோ? மாடி அறையில் உட்கார்ந்து அந்த மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் யாரோ என் கூடவே உள்ளே இருப்பதுபோல் இருந்தது. நான் போட்ட படங்கள் நான் வைத்த வரிசையிலேயே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மண்டபத்தின் காலித் தேதிகள் மாறியிருந்தால், மாற்றியது அக்காதானா என்று யோசித்தேன்.

படத்தைத் திரும்பப் போடச் சொல்லிப் பெரியவரும் சொல்லவில்லை. தம்பி வந்து கேட்கட்டும் என்று இருந்தார் போல. மூன்று தளங்களிலும் தலைப்பு மட்டும் நின்றது.

அப்போதுதான் சின்னவர் என்னைத் திருச்சுழிக்கு வரச் சொன்னார். புதிதாக வந்த மருந்துத் தெளிப்பான்களைப் படமெடுக்க வேண்டுமாம். இதற்கு முன்பு அவர் படங்களைத் தானே எடுத்து அனுப்பிவிடுவார். காரணம் அதுவல்ல என்று தெரிந்தேதான் பஸ் ஏறினேன். புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. வழி நெடுகக் காடுகள் உழுதபடி கிடந்தன, அதைத் தாண்டினால் கருவேலம், இடையில் எங்கோ கரிமூட்டப் புகை. கடையில் நாலைந்து பேர் விதைக்காக நிற்கவில்லை, மழை எப்போது என்று பேசுவதற்காக நின்றார்கள். சின்னவர் அவர்களை அனுப்பிவிட்டு எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அண்ணன் உங்கிட்ட என்ன சொல்லிருக்காரு?"

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"சொல்லிருந்தாலும் ஒண்ணும் சொல்லலன்னுதான் சொல்லுவ. உக்காந்திருக்கிறது அவுக மாடி."

"நான் மூணு பேருக்கும்தான் வேலை பாக்குறேன்."

"அதான் எனக்கு யோசனையா இருக்கு. மூணுலயும் ஒரே நாள்ல எடுக்கணும்னா, மூணு எடத்துலயும் கைய வைக்கிற ஆளாத்தான இருக்கணும்?"

மூன்றிலும் போய்விட்டது என்று அன்று நான் சொன்னதை அவர் மூன்று முறை எடுத்ததாகக் கேட்டிருக்கிறார். அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் என்னைச் சொல்கிறார் என்ற கோபத்தில் அதை நான் பிடிக்கவில்லை.

"என்னயச் சொல்றீங்களா அண்ணாச்சி?"

"உனக்கு இதுல என்ன லாபம்? உன்னயச் செய்யச் சொன்ன ஆளத்தான் கேக்குறேன்." போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். அந்தத் திருத்தப் பதிவைப் படம் பிடித்து வைத்திருந்தார். ஜவுளிக்கடையின் பெயர். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"நீங்க இன்னைக்கு விதை வரத்தப் போட்டாலும் அந்தப் பேருதான் வரும் அண்ணாச்சி. எல்லாரும் ஒரே பேருலதான் உள்ள போறோம்."

அவர் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தெளிப்பான்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது, இந்த வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் நான்தான் செய்தேன் என்று ஆகிவிடும். அதனால் விடவும் முடியவில்லை.

இத்தனையிலும் மண்டபத்து அக்காவிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அது ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் நேரிலேயே வந்தாள். மத்தியானம், கடையில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். கீழே அண்ணன் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மாடிக்கு வந்தவள் கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணன் சொல்லித்தான எடுத்த?"

"எத அக்கா?"

"என்னத்த எத? என் படத்தத்தான். நீ அண்ணன் கடையில சம்பளம் வாங்குறவ, சொன்னாச் செய்யத்தான் செய்யணும். உன்னயக் குத்தம் சொல்லல. ஆனா எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கலாம்."

"அக்கா, நான் எடுக்கல. அண்ணாச்சியும் எடுக்கச் சொல்லல."

"பொய் சொல்லாத." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் எங்க மண்டபத்துல இருந்து எடுத்தேன். அது உண்மைதான். அதுக்குன்னு மறுநாளே ரெண்டு பேரும் அவுகவுக சைட்டுல இருந்து என்னயத் தூக்கிட்டாகளே. ஏம்மா எடுத்தன்னு ஒரு வார்த்த கேட்டாகளா?"

இத்தனை நாளாக நான் எல்லோரையும் சந்தேகப்பட்டுவிட்டேன், மதுரைக்காரர் வரைக்கும். அந்தப் பக்கம் மூன்று தளங்களுக்கும் பொதுவானது என்பது எனக்கு மட்டுமே தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்பதை நினைக்கவே இல்லை.

"நீங்க எப்பிடி எடுத்தீங்க அக்கா?"

"தேதி போட உள்ள போவேன்ல, அப்பிடித்தான். மண்டபம்னு இருந்தத அமுக்கி அதுக்குள்ளதான் போனேன். வேற எதையும் தொடல."

அவளை உட்காரவைத்தேன். கம்ப்யூட்டரில் மண்டபத்தின் வழியாக அதே பக்கத்துக்குப் போய், வெற்றிடத்தில் ஒரு 'அ' போட்டுச் சேமித்தேன். பிறகு அவள் போனிலேயே ஜவுளிக்கடைத் தளத்தைத் திறக்கச் சொன்னேன். 'எங்கள் குடும்பம்' என்பதற்குக் கீழே அந்த 'அ' நின்றது. திருச்சுழிக் கடையைத் திறக்கச் சொன்னேன். அங்கேயும் 'அ'.

"இது மேல்தொட்டி மாதிரிக்கா. மூணு வீட்டுக்கும் தொட்டி ஒண்ணுதான். நீங்க உங்க குழாய மூடுறோம்னு நெனச்சுத் தொட்டியவே காலி பண்ணிட்டீங்க."

அவள் இரண்டு தளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்ப அண்ணன் எடுக்கலயா?"

"இல்லக்கா."

"சின்னண்ணன்?"

"அவுகளும் இல்ல. அவுக ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருக்காக. இடையில நான்."

"எம்மேல?"

"உங்க மேல யாருக்கும் சந்தேகமே வரல."

அதைக் கேட்டு நிம்மதியாவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் சுண்டிப்போனது. "நான் அப்பிடி ஒண்ணு செய்வேன்னுகூட அவுகளுக்குத் தோணல, இல்ல?" என்றாள்.

பிறகு அவளாகவே காரணத்தைச் சொன்னாள். மண்டபத்துக்கு வருகிறவர்கள் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, "ஜவுளிக்கடைக்காரக மண்டபந்தான?" என்று கேட்கிறார்களாம். அவள் வீட்டுக்காரரை மண்டபத்து மேனேஜர் என்று நினைத்துப் பேசுகிறார்களாம். ஒரு கல்யாணத்தில் அவருடைய பங்காளி ஒருவர் எல்லோர் முன்னாலும், "மச்சினன் படத்துக்குக் கீழ உக்காந்து மண்டபம் நடத்துறான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். இவர் அன்று பந்தியில் உட்காராமலே திரும்பிவிட்டார். வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இவள்தான் மறுநாள் போனை எடுத்துப் படத்தை அழித்தாள்.

"இத அண்ணன்ககிட்ட சொல்லிராத. நீயா ஏதாவது சொல்லித் திரும்பப் போட்டுரு. எங்களுக்கு மட்டும் வேணாம்."

"நான் சொல்லலக்கா. ஆனா என்னயத்தான் நெனச்சுக்கிட்டு இருக்காக. மாடிச் சாவிய வாங்கிட்டாக."

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து கதவைத் திறந்து, படியில் நின்று கீழே பார்த்தாள். நான் அவளை வற்புறுத்தவில்லை. அவள் போய்விடுவாள், பழி என்னோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். அவள் கீழே இறங்கி அண்ணன் அறையில் போய் உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அங்கேயே இருந்தாள்.

சாயங்காலம் மூவரும் அந்தக் கண்ணாடி அறையில் இருந்தார்கள். "ஏலே, கிளம்பி வா" என்று பெரியவர் போனில் சொன்னது மாடி வரை கேட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். அக்காவுக்குச் செய்துகாட்டியதை அவர்களுக்கும் செய்துகாட்டினேன். பெரியவர் தன் போன், தம்பி போன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

சின்னவர்தான் முதலில் பேசினார். "இப்ப நீ செஞ்சு காட்டுற, சரி. அன்னைக்கும் இப்பிடித்தான் நடந்துச்சுன்னு எப்பிடி நம்புறது? ரெண்டு பேரும் மாடியில உக்காந்து பேசிட்டுத்தான வந்திருக்கீக."

"நான்தான் எடுத்தேன்னு நானே சொல்றேன்" என்றாள் அக்கா. "களவாண்டவளே ஒத்துக்கிட்டதுக்கப்புறம் இன்னும் யாரத் தேடுறீக?"

பெரியவர் தங்கையிடம் கேட்டார். "எதுக்கும்மா எடுத்த?"

சொன்னாள். பந்தியில் உட்காராமல் வந்ததையும் சொன்னாள். பெரியவர் மேசையில் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"மாப்ளைக்கு நான் என்ன கொற வச்சேன்? எடம் நாங்க வாங்குனோம். கட்டடம் நாங்க நின்னு கட்டுனோம். மொதக் கல்யாணத்துக்கு ஆள் புடிச்சுக் குடுத்ததும் நாங்கதான்."

"கொற ஒண்ணும் வைக்கலண்ணே. எல்லாமே நீங்க வச்சதாவே இருக்கு. அதான் அவுகளுக்குக் கொற."

வெளியே யாரோ சேலைக்கு ஓரம் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவர் தன் போனிலிருந்த அந்தத் திருத்தப் பதிவின் படத்தைப் பார்த்தார். அழித்தாரா, பையில் போட்டுக்கொண்டாரா என்று நான் கவனிக்கவில்லை.

கடைசியில் பெரியவர் என்னிடம் சொன்னார். "எங்க ரெண்டு பேரோடதுல அப்பா படத்தப் போடு. மண்டபத்துக்குத் தனிப் பக்கம் வை. அதுல என்ன போடணும்னு மாப்ள சொல்லட்டும்." அளவு டேப்பை ஓரமாக வைத்துவிட்டு, "மூணு பேருக்கும் மூணு பாஸ்வேர்டு போட்டுரு" என்றார்.

"உங்களோடது எனக்குத் தெரியணுமா அண்ணாச்சி?"

"வேலைக்கு வேணும்னா கேட்டுக்க."

என்னைச் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. மறுநாள் காலை சாவி கல்லாவில்தான் இருந்தது. இன்றைக்கும் அங்கிருந்துதான் வாங்கிக்கொள்கிறேன். மதுரைக்காரர் கடைக்குக் கேமரா வைக்க வந்தவராம். தீபாவளிக்கு முன்பே வைத்துவிட்டார்கள். அதில் ஒன்று மாடிப்படியைப் பார்க்கிறது. அது முதலிலேயே திட்டத்தில் இருந்ததா, பிறகு சேர்த்ததா என்று கணக்கரைக் கேட்டேன். அவருக்குத் தெரியாதாம்.

தம்பியும் அண்ணனும் பேசிக்கொள்கிறார்கள். முன்பு போலவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு படத்தின் அகலம் மாறினாலும் சின்னவர் எனக்குப் போன் செய்து, "இது யாரு பண்ணது?" என்று கேட்கிறார். நான்தான் என்றால் விட்டுவிடுகிறார். இப்போது பதிவில் அவரவர் பெயர் தனித்தனியாக விழுகிறது. அவர் அதைத் தினமும் பார்க்கிறார் என்பதும் அதிலேயே தெரிகிறது.

ஐப்பசியில் ஒருநாள், முதல் மழை பெய்து பஜார் முழுவதும் சேறாகியிருந்தபோது, அக்காவின் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். அதற்கு முன் அவரை நான் தூரத்தில்தான் பார்த்திருந்தேன். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, ஈரக் காலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மண்டபத்து வாசலில் அவரும் அக்காவும் நிற்கும் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. நேற்றுத்தான் எடுத்திருப்பார்கள் போல. அக்கா பாதிச் சிரிப்பில் இருந்தாள்.

படத்தை ஏற்றிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது பஜார் கடை வெப்சைட்டுல போயி நிக்காதுல்ல?"

"நிக்காதுண்ணே. இப்ப உங்களுக்குத் தனிப் பக்கம்."

அவர் தன் போனை எடுத்து ஜவுளிக்கடைத் தளத்தைத் திறந்து பார்த்தார். அங்கே அவர் இல்லை. திருச்சுழிக் கடையையும் பார்த்தார். அங்கேயும் இல்லை. நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று கூச்சப்படாமல் நிதானமாகப் பார்த்தார். எனக்கு அது தப்பாகப் படவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பார்த்திருப்பேன்.

"சரி, நானும் ஒரு பாஸ்வேர்டு வச்சுக்கலாமா? தேதியெல்லாம் நானே போட்டுக்குறேன்."

புதுப் பெயர் ஒன்றை உண்டாக்கி, கடவுச்சொல் கேட்கும் இடத்தைத் திறந்து, நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்காரச் சொன்னேன். அவர் விசைப்பலகைமேல் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீகளா?"

திரும்பி ஜன்னல் பக்கம் நின்றேன். கீழே ஒரு லோடு ஆட்டோ சேற்றில் சக்கரம் சுழன்று ஏற முடியாமல் நின்றது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கும் சத்தம் கேட்டது. நடுவில் நிறுத்தி, முழுவதையும் அழித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அடித்தார்.

"முடிச்சாச்சு" என்றார். திரும்பினேன்.